மாமி கேட்ட தணல்

என் மாமி என்னோடு நேராகக் கதைப்பதில்லை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியும் அவர் என்னை ஒரு தடவைகூட முறை சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. மன்னாரில் எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலரிடம் இந்த வழக்கம் உண்டு. மருமகன் எதிரே நிற்பான்; மாமியார் தன் மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் சுவரிடம் சொல்வார். மருமகன் அதைக் கேட்டுச் செய்யவேண்டும். மரியாதை என்பார்கள். என் மாமியிடம் மரியாதை எதுவும் இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஐம்பதைத் தாண்டியவன், கிளப் குசினியில் பாத்திரம் கழுவுகிறவன் தன் மகளைக் கட்டிவிட்டான் என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. அந்தக் கோபத்தை வழக்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தார். நான் கூச்சக்காரன். ஆள் முகம் பார்த்துப் பேசினால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். ஆகவே அந்த வழக்கம் எனக்கும் வசதியாக இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறுத்துக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், மூன்று வருடத்தை ஓட்டிவிட்டோம்.

பிறகு குளிர்காலத் தொடக்கத்தில் மகள் பிறந்தாள்.

அப்போதுதான் ஹெலன்ஸ்பர்க்கில் ஒரு பழைய வீட்டுக்கு மாறியிருந்தோம். காட்டு ஓரத்தில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நிற்கும் வீடு. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தாராம். கோடையில் வந்து பார்த்தபோது நல்ல காற்றோட்டம் என்று சந்தோஷப்பட்டேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் நடுவருடம்தான் குளிர்காலம்; வைகாசி முடிந்ததும் அதே காற்று பலகை இடுக்கு வழியாக உள்ளே வந்து எலும்பைத் தொட்டது. மின்சார ஹீட்டரைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பியூஸ் போய் வீடு இருளும். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தால், "அடுப்பு இருக்கிறது, அதை மூட்டு" என்று சொல்லி வைத்துவிடுவார். முன் அறையில் ஒரு இரும்பு அடுப்பு இருந்தது. இடுப்பளவு உயரம், மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு, கூரைக்குப் போகும் குழாய். பின்வளவு ஷெட்டில் பழைய ஆள் விட்டுப் போன நிலக்கரி ஒரு மூலை முழுக்கக் குவிந்து கிடந்தது.

மனைவிக்கு முப்பத்தொன்பது வயது. முதல் பிள்ளை. ஒப்பரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவளுடைய தம்பி வந்தான். கிரவீனில் சொந்த வீடு, கம்ப்யூட்டர் வேலை. வீடு முழுக்க, கக்கூசுக்குள்ளும் கூட, சூடு வரும் என்று மாமி எல்லோருக்கும் சொல்லுகிற வீடு. மாமி அவனோடுதான் இருக்கிறார்.

"அத்தான், கோவிக்காதேங்கோ," என்றான். "உங்கட வீட்டுக்குள்ள நேற்று அம்மாவோட போய்ப் பாத்தனான். வாயால புகை வருது. அது வீடோ, மீன் வைக்கிற ஐஸ்பெட்டியோ?"

"அடுப்பு மூட்டலாம்," என்றேன்.

"நல்லது. மூட்டுங்கோ. அம்மா வியாழக்கிழமை அக்காவோட அங்க வந்து நிப்பா. நான் ஞாயிற்றுக்கிழமை வருவன். வீடு சூடாயிருந்தா சரி. இல்லையெண்டா அக்காவையும் பிள்ளையையும் கிரவீனுக்குக் கூட்டிக்கொண்டு போறன். அறை ஆயத்தமா இருக்கு."

மாமி கட்டில் கம்பியைப் பார்த்துச் சொன்னார்: "அறை ரெண்டு மாசமா ஆயத்தமா இருக்கு."

அக்காவும் பிள்ளையும் என்றான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே போனால் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்பார்கள், குளிர்காலம் முடியட்டும் என்பார்கள், பிள்ளை கொஞ்சம் வளரட்டும் என்பார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், கதிரை நுனியில் இருந்து, தேத்தண்ணி குடித்து, மகளைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். மனைவி கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலையிலேயே ஷெட்டுக்குப் போனேன். கரி வாரும் சவளைத் தேடியபோது கதவின் உள்பக்கத்தில் ஆணியடித்த மஞ்சள் தாள் ஒன்றைக் கண்டேன். பெரிய எழுத்தில் இங்கிலிஷ். அடுப்பின் படம் ஒன்று, பாதி திறந்த யன்னலின் படம் ஒன்று. எனக்குக் கடையின் பெயரும் பஸ்ஸின் பெயரும் வாசிக்க வரும். அதற்கு மேல் வராது. மனைவியிடம் காட்டுவோம் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எனக்கு நெருப்பு புதிதல்ல. கடற்கரையில் பிறந்தவன். தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் பனைமட்டையும் எரித்து வளர்ந்தவன். அதுதான் பிழையாகிப் போனது. அடுப்பை நிலக்கரியால் வாய் வரைக்கும் நிரப்பினேன். மேலே பேப்பரைக் கசக்கி வைத்து, மண்ணெண்ணெய் தெளித்து, நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட்டு, மேல் கதவால் குனிந்து ஊதினேன். பேப்பர் எரிந்து முடிந்தது. கரி என்னைப் பார்த்தபடி கிடந்தது. மறுபடி பேப்பர், மறுபடி எண்ணெய், மறுபடி ஊதல். அரைமணி நேரத்தில் கரியின் மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் பிடித்து, மஞ்சளும் கறுப்புமாகத் தடித்த புகை ஒன்று கிளம்பியது. பாதி குழாயால் போனது. மீதி எனக்குள் போனது.

முன்கதவை யாரோ இடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண். என் வயதுதான் இருக்கும். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, ஆண்களின் சப்பாத்து போட்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பு. அதை என் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். மிளகு தூவியது போலப் புகைக்கரி. அவர் சொன்னதில் முக்கால்வாசி எனக்கு விளங்கவில்லை. விளங்கிய கால்வாசியை இங்கே எழுத முடியாது.

"சொறி," என்றேன். "பேபி. டுமோரோ. கோல்ட்."

அவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அடுப்பைத் திறந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பை விட முதலில் திட்டியதே மேல். "நோ, நோ, நோ," என்றபடி வெறுங்கையால் கரியை அள்ளி வாளிக்குள் எறிந்தார். தன் நெஞ்சைத் தொட்டு, "மை டாட், மைன்," என்று பூமிக்குக் கீழே கையைக் காட்டினார். தகப்பன் சுரங்கத்தில் வேலை செய்தவர் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு செய்து காட்டினார், ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டோடு. கீழ்க்கதவைத் திறந்தார். அங்கே இரும்புச் சட்டங்களின் அடியில் காற்று போக இடம் இருந்தது. காற்று கீழே இருந்துதான் வரவேண்டும். ஊதக்கூடாது. குழாயிலிருந்த சாவியை நேராகத் திருப்பினார். புகை போக வழி. சட்டத்தின் மேல் பேப்பர், அதற்கு மேல் சுள்ளி, அதற்கு மேல் விறகு. விறகு எரிந்து சிவந்த பிறகுதான் கரி. அதுவும் முட்டையளவு துண்டுகள், ஒரு கை. "ஃபைவ் மினிட்ஸ்," என்று ஐந்து விரலை விரித்து, நான் அடுப்பைத் தொடப் போனபோது அதே விரல்களால் என் புறங்கையில் அடித்தார். ஐந்து நிமிடத்தில் கரித்துண்டுகளுக்கு இடையில் நீல நாக்குகள் எழும்பின. புகை நின்றது. இன்னும் ஒரு கை கரி. முழு நெருப்பையும் மூடக்கூடாது. ஒரு மூலையில் சிவப்பு எப்போதும் தெரியவேண்டும்.

போகும்போது யன்னலை ஒரு சாண் திறந்துவிட்டு, அதைச் சுட்டிக்காட்டி, தன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணைச் செருகிக் காட்டினார். என் புகை தன்னைக் கொல்கிறது என்று சொல்கிறார் என நினைத்தேன். மறுபடி கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். அவர் படி இறங்கியதும் யன்னலைச் சாத்தினேன். குழந்தை வருகிற வீட்டில் பனிக்கு யார் யன்னலைத் திறந்து வைப்பார்கள்?

வியாழக்கிழமை மனைவியும் மகளும் மாமியும் வந்தார்கள். மாமி தலையில் கம்பளித் துவாயைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று மோப்பம் பிடித்து என் மனைவியிடம் கேட்டார்:

"பிள்ளை, இது என்ன மணம்? ஸ்டேசனில கரிக்கோச்சி போற மாதிரிக் கிடக்கு."

"அடுப்பு, அம்மா. சூடாத்தானே இருக்கு?"

"முன்னறை சூடு. பிள்ளை முன்னறையிலயோ படுக்கப்போகுது?"

பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்னமே வேலையைத் தொடங்கினார். படுக்கை அறை முன்னறைக்குப் பக்கத்தில் இருந்தது. யன்னல் விளிம்பு முழுக்கப் பழைய சீலையைக் கிழித்து அடைத்தார். சுவரில் உயரத்தில், கூரைக்குக் கிட்ட, காற்றுக்காக வைத்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. மாமி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்குள்ளால பனி அருவி மாதிரி இறங்குது. உயரமான ஆக்கள் ஆரும் இருந்தா அடைக்கலாம்."

நான் கதிரையில் ஏறி நின்று அடைத்தேன். ஒவ்வொரு ஓட்டையாக, பேப்பரைச் சுருட்டி, விரலால் குத்திக் குத்தி. நன்றாகவே அடைத்தேன். கீழே நின்று பேப்பரை நீட்டியபோதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த மஞ்சள் தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது. மனைவியிடம் கொடுக்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மாமி கட்டில் ஓரத்தில் இருந்தார். வாசிக்கத் தெரியாது என்று அவருக்கு முன்னால் என் மனைவியிடம் தாளை நீட்டுவதைவிட அடுப்புக்குள் தலையைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கிட்டத்தட்ட அதையும் செய்தேன். நெருப்பு நிறைய நேரம் நிற்கட்டும் என்று கரித்தூளை வாரி மேலே போட்டு முழுக்க மூடிவிட்டேன். சிவப்பு மூலை விடவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கதவைத் திறந்தபோது உள்ளே அடைந்து கிடந்த வாயு ஒரேயடியாகப் பற்றி, 'பொக்' என்று ஒரு நெருப்புப் பந்து வெளியே வந்து என் முகத்தை நக்கிவிட்டுப் போனது. ஒரு புருவமும் மீசையில் பாதியும் போய்விட்டன. மயிர் கருகிய மணம் வீடெல்லாம்.

மாமி அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். முதல் தடவையாக நான் இருக்கும்போது வாய்விட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, அஞ்சாம் வகுப்பில அடுப்பு மூட்டவும் படிப்பிக்கேல்லையோ எண்டு கேள்."

"அம்மா, சும்மா இருங்கோ," என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"நானென்ன சொன்னனான்? மீசை ஒரு பக்கம்தான் போயிருக்கு, மற்றப் பக்கத்தையும் குடுத்தா வடிவா இருக்கும் எண்டு சொல்லு."

நான் குசினிக்குப் போய் மற்றப் பக்கத்தையும் வழித்துவிட்டு வந்தேன்.

ஆனால் அன்று பின்னேரம் அடுப்பு எனக்கு வசமானது. காலையிலும் மாலையிலும் அடுப்பின் பக்கவாட்டுப் பிடியை ஆட்டிச் சாம்பலை உதிர்க்கவேண்டும். கீழே முதல் சிவப்புத் துளி விழுந்தவுடன் நிறுத்தவேண்டும். புதுக்கரி போட்டால் கீழ்க்கதவைக் கொஞ்சம் திறந்து நீலச் சுவாலை வரும்வரை காத்திருக்கவேண்டும். பிறகு காற்றை ஒரு விரல் அளவுக்குக் குறைக்கலாம். அப்படி வைத்தால் விடியும்வரை நிற்கும். சனிக்கிழமை காலை எழும்பியபோது யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளை. உள்ளே மகளின் துணிகள் கொடியில் காய்ந்து மொறமொறத்தன. மாமி தலைத் துவாயைக் கழற்றியிருந்தார். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை. செபமாலையை உருட்டிக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததை நானும் கவனித்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஞாயிறு. தம்பிக்காரன் வரட்டும், வந்து சட்டையைக் கழற்றிவிட்டு இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு காலைதான் நான் வென்றவனாக இருந்தேன்.

பத்து மணிக்கு மாமி மகளைக் குளிப்பாட்டினார். மனைவிக்கும் தலைக்கு ஊற்றினார். பிறகு அறை வாசலில் வந்து நின்று, அடுப்புக் குழாயைப் பார்த்துச் சொன்னார்:

"பிள்ளைக்கும் தாய்க்கும் சாம்பிராணி காட்டவேணும். தலை ஈரம் உள்ள போகக்கூடாது. ஊரில எண்டா சிரட்டைத் தணல் எடுக்கலாம். இஞ்ச அடுப்பு நிறையத் தணல் சும்மா கிடக்கு. ஆரும் சட்டியில எடுத்துத் தந்தா நல்லம்."

எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை என்பதை நேர்மையாக எழுதவேண்டும். சிவந்து கிடந்தால் தணல். தணல் என்றால் சாம்பிராணி. நான் பிறந்தபோது என் தாய்க்கும் அப்படித்தான் காட்டியிருப்பார்கள். அத்தோடு, 'தந்தா நல்லம்' என்று அவர் கேட்டது அதுவே முதல் தடவை. கேட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கிரவீனிலிருந்து அவர் கொண்டுவந்த மண்சட்டியில் சவளால் இரண்டு முறை அள்ளி நிரப்பினேன். தாராளமாக. அறைக்குள் கொண்டுபோய்க் கட்டிலின் கால்மாட்டில், நிலத்தில், ஓட்டுத்துண்டின் மேல் வைத்தேன். மாமி சாம்பிராணியைத் தூவினார். வெள்ளைப் புகை எழும்பியது. மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். மீசையில்லாத முகம் அவளுக்கு இன்னும் பழகவில்லை.

"கதவைச் சாத்தினா சூடு நிக்கும்," என்றார் மாமி, கதவைப் பார்த்து.

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

சாம்பல் வாளியோடு பின்வளவுக்குப் போனேன். கொட்டினேன். விறகு பிளந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தன் துணிக் கொடியடியில் நின்று என் குழாயிலிருந்து வந்த மெல்லிய புகையை நெடுநேரம் பார்த்தார். திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பதில் சாம்பலைத் தன் வேலிக்குக் கிட்டக் கொட்டுகிறேன் என்று தொடங்கினார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவர் முடிப்பதற்கு நேரம் எடுத்தது. அவரை இடையில் நிறுத்த எனக்குச் சொல் வரவில்லை.

திரும்பி உள்ளே வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மகள் குளித்தால் அழுவாள், அழவில்லை. நித்திரையாக்கும் என்று கதவில் மெதுவாகத் தட்டினேன். பதிலில்லை. திறந்தேன்.

சாம்பிராணி மணம் போய் முட்டை அழுகிய மணம் ஒன்று நின்றது. மாமி கதிரையில் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். மனைவி கட்டிலில் சரிந்து கிடந்தாள். "தலை வெடிக்குது," என்றாள், குடித்தவள் போலக் குழறி. "எழும்ப ஏலாமல் கிடக்கு." மகள் அவளுடைய கைக்குள் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. நான் தூக்கியபோது ஈரத்துணி போலத் தொங்கினாள்.

அதற்குப் பிறகு நான் கூச்சக்காரனாக இருக்கவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தமிழில்தான். மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்படிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலியை ஏறிக் குதித்து வந்தார். என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தார், திறந்த கதவால் மூக்கை நீட்டி மணந்து பார்த்தார், ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், போனை எடுத்தார். நான் மகளை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மனைவியை இழுத்துவந்து படியில் இருத்தினேன். மாமியை அக்குளில் பிடித்துத் தூக்கினேன். மூன்று வருடத்தில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த நிலையிலும் அவர் கையை உதறினார். பிறகு சட்டியைத் தூக்கி வெளியே எறிந்தேன். கை வெந்தது பின்னேரம்தான் தெரிந்தது.

வெள்ளைப் புல்லின் நடுவில், வாய்ப்புகை பறக்கும் குளிரில், பக்கத்து வீட்டுப் பெண் மகளின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மகள் முகத்தைச் சுளித்தாள். பிறகு அழுதாள். அவ்வளவு அசிங்கமான, அவ்வளவு நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் மூக்கில் காற்று வைத்தார்கள். கரித்தணலிலிருந்து வரும் வாயு ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது, அடைத்த அறைக்குள் ஆளை அப்படியே நித்திரையாக்கிவிடும் என்று டாக்டர் மனைவியிடம் சொன்னாராம். எனக்கு மணத்தது கரியின் கந்தகம். கொல்ல வந்தது அதுவல்ல. அடுப்புக்குள் இருந்தால் குழாயால் போய்விடும். சிரட்டைத் தணலிலும் அது உண்டாம். எங்கள் ஊர் வீடுகளில் ஓலைக்கும் சுவருக்கும் இடையில் காற்று ஓடும். இங்கே நான் ஒவ்வொரு ஓட்டையாக விரலால் குத்தி அடைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விட்டார்கள். தம்பிக்காரன்தான் காரில் கொண்டுவந்தான், சாமான்களை எடுப்பதற்காக. அடுப்பு அணைந்திருந்தது. வீடு மறுபடி ஐஸ்பெட்டி. அவன் தொட்டிலைத் தூக்கிப்போய்க் காரில் வைத்தான். திரும்பி வந்து முன்னறையில் நின்றான்.

"ஆர் அத்தான் அறைக்குள்ள நெருப்பு வைச்சது?"

"நான்தான்," என்றேன்.

"விசரோ உங்களுக்கு? பச்சைப் பிள்ளை இருக்கிற அறைக்குள்ள?"

நான் மாமியைப் பார்த்தேன். அவர் மடியில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மா சாம்பிராணிக்குக் கேட்டவ," என்றாள் மனைவி. கதிரையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மகளை மடியில் வைத்திருந்தாள்.

"நானோ?" என்றார் மாமி. செபமாலை நின்றது. "நான் ஆரையும் கேக்கேல்லை. நான் இவரோட கதைக்கிறதே இல்லை, அது ஊருக்கே தெரியும். கதைக்காத மனுசரிட்ட எப்பிடிக் கேப்பன்?"

அவர் சொன்னது உண்மை. மூன்று வருடமாக அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. அந்த வழக்கத்தை இப்படியும் பாவிக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஓம் அம்மா," என்றாள் மனைவி. "நீங்கள் சுவரிட்டத்தான் சொன்னீங்கள். சுவர் எழும்பிப் போய்த் தணல் அள்ளிக்கொண்டு வந்தது."

"அக்கா, இப்ப சண்டை வேண்டாம். கார்ல ஏறு," என்றான் தம்பி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மடித்த மஞ்சள் தாளை மகளின் துணிக்குள்ளிருந்து எடுத்தாள். ஆஸ்பத்திரியில் மகளைப் போர்த்த என் சட்டையைக் கேட்டு வாங்கியபோது அதையும் எடுத்திருக்கிறாள்.

"இது எத்தினை நாளா உங்கட பொக்கற்றில கிடக்கு?"

"புதன்கிழமையிலயிருந்து."

"யன்னல் திறந்திருக்கவேணும், தணலை வெளியில எடுக்கக்கூடாது எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. ஏன் என்னட்டக் காட்டேல்லை?"

நான் மாமி இருந்த பக்கம் கண்ணைத் திருப்பினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் முகம் சிவந்தது. அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் கண்டதில்லை. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியவில்லை.

"ஒராள் கேக்க வெக்கப்படுது. மற்றாள் கேட்டிட்டுக் கேக்கேல்லை எண்டுது. ரெண்டு பேரும் சேர்ந்து என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தீங்கள்." பிறகு தம்பியிடம் திரும்பினாள். "தொட்டிலை இறக்கு. அம்மாவின்ர பேக்கை ஏத்து."

"அக்கா!"

"நான் கிரவீனுக்கு வந்தா இவரை வாங்கோ எண்டு சொல்ல அங்க ஒருத்தரும் வாய் திறக்கமாட்டீங்கள். வரட்டோ எண்டு இவரும் கேக்கமாட்டார். எனக்குத் தெரியும். பிள்ளை தகப்பனை ஞாயிற்றுக்கிழமை மாமா மாதிரிப் பாத்துக்கொண்டு வளரும். நான் வரேல்லை."

"இந்தக் குளிருக்குள்ளயோ?"

"மூட்டுவார். இந்த முறை நான் பக்கத்தில இருந்து வாசிச்சுச் சொல்லுவன்." என்னைப் பார்த்தாள். "பேப்பர் எல்லாத்தையும் அந்த ஓட்டையளுக்குள்ள இருந்து எடுங்கோ. எடுத்துப்போட்டு, அம்மாவுக்கு ஏதும் சொல்லவேணுமெண்டா அம்மாவிட்டச் சொல்லுங்கோ. என்னட்டச் சொல்லாதேங்கோ, சுவரிட்டையும் சொல்லாதேங்கோ."

நான் கதிரையைப் போட்டு ஏறி ஒவ்வொரு பேப்பராக உருவினேன். குளிர் காற்று விரலில் பட்டது. இறங்கி வெளியே போய்ப் புல்லில் கிடந்த மண்சட்டியை எடுத்தேன். விளிம்பு உடைந்திருந்தது. மாமி காரில் ஏறி இருந்தார். அவர் பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளங்கை வியர்த்தது, வெந்த இடம் எரிந்தது.

"மாமி," என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் சொல். "உங்கட சட்டி. கொண்டு போங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கார் போய்விட்டது.

மனைவி ஒன்பது நாள் என்னோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டும் பேசினாள். அடுப்பைப் பற்றித் தாளில் இருந்ததை வரிவரியாக வாசித்தாள், நான் செய்தேன். வாயு வந்தால் கத்துகிற பெட்டி ஒன்றை வாங்கிச் சுவரில் பூட்டினோம். பக்கத்து வீட்டுப் பெண் இப்போதும் சாம்பல் பற்றி வேலிக்கு மேலால் திட்டுகிறார். நான் இப்போது முழுவதையும் நின்று கேட்டு, விளங்காததை மறுபடி கேட்கிறேன். அது அவருக்கு இன்னும் கோபத்தைத் தருகிறது.

ஞானஸ்நானத்தன்று கோவில் வாசலில் மாமி அன்ரிமாருக்கு நடுவில் நின்று, "அவர் அறைக்குள்ள நெருப்பைக் கொண்டு வந்து வைச்சிட்டார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரோல்ஸ் தட்டோடு நான் பின்னால் நின்றது அவருக்குத் தெரியும்.

மகளுக்கு மூன்று வயதாகிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் மாமி பேத்தியைப் பார்க்க வந்து ஒரு கிழமை நிற்கிறார். வந்தவுடன் அடுப்புக்குக் கிட்டப் போட்டிருக்கும் என் கதிரையில் இருந்துவிடுவார். இப்போது என்னோடு நேராகவே கதைக்கிறார். அவர் சுவரோடு கதைத்த காலமே நல்லது என்று சில நேரம் நினைப்பேன்.

"மருமோன், பனி வருது. அந்த யன்னலைச் சாத்துங்கோ."

"ஏலாது, மாமி," என்பேன்.

அவர் துவாயைத் தலையில் இழுத்துச் சுற்றிக்கொண்டு என்னை முறைப்பார். நான் ஒரு கை கரியைப் போட்டு, நீலச் சுவாலை எழும்பும்வரை அடுப்புக்கு முன்னால் நின்று, பிறகு போய் யன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறதா என்று கையை வைத்து அளந்து பார்ப்பேன். சில நாள் இன்னும் ஒரு விரல் கூட்டித் திறந்துவிடுவேன்.